பால் குடியாத பைத்தான்

இத்திங்கள் நமது பகுதிக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நாம் இதுகாறும் எதிர்பாராத வகையைச் சேர்ந்தது. வீட்டு வாடகை, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, மாற்றல் உத்தரவு, ஊருக்குச் செல்லும் வண்டியில் இடம் கிடையாமை ஆகியவை பற்றி அன்பர்கள் எழுதுவதும், நாம் அறிந்த அளவில் விடை பகர்வதும் வழக்கம். இம்முறை நடு இந்திய நகர் ஒன்றில் குடியிருக்கும் அன்பர் ஒருவர், தம் மகன் மலைப்பாம்புக் குட்டி ஒன்றை வாங்கி வளர்க்க விரும்புவதாகவும், வாங்கலாமா, வாங்கினால் எத்தகைய குட்டியைத் தேர்ந்தெடுப்பது, அதற்கு எதனை எவ்வாறு உண்ணக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

பையனுக்கு வயது 17. வீடு இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. அன்பரோ ஊர் ஊராக மாற்றப்படும் உத்தியோகத்தில் இருப்பவர். வீட்டில் அவருடைய முதிய தாயாரும் உளர். மரக்கறி உணவை நோன்பாகக் கொண்டவர். பையன் பாட்டியிடம் சென்று, "பால் பைத்தான் என்று ஒரு பாம்பு, ஒருவரையும் ஒன்றும் செய்யாது" என்றானாம். அம்மையார் அதனைப் பால் குடிக்கும் பாம்பு என்று கொண்டு, "வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்கு ஊற்றிய பால்தானே, இங்கே வீட்டுக்குள்ளேயே ஊற்றிவிட்டுப் போகிறேன்" என்று மனமுவந்து இசைந்துவிட்டாராம். பையன் மறுத்துரைக்கவில்லை. அன்பரும் மறுத்துரைக்கவில்லை. "அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, வேண்டாமா?" என்பதே கடிதத்தின் கடைசி வரி.

கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு அப்பால் வைத்தல் எளிது. ஆனால் இதில் ஓர் உயிரின் வாழ்வும், ஒரு முதியவரின் நம்பிக்கையும், சட்டத்தின் முன் ஒரு குடும்பத்தின் நிலையும் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இத்திங்கள் பகுதி முழுவதையும் இவ்வொரு கடிதத்திற்கே ஒதுக்குகிறோம்.

முதலாவது பெயர். 'பால்' என்பது ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் சொல்லேயன்றி நமது பசும்பால் அன்று. அச்சம் நேர்ந்தபோது இப்பாம்பு தலையை நடுவே மறைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுவிடும். அதனால் வந்த பெயர் அது. தமிழில் பந்து மலைப்பாம்பு எனலாம். இதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் நடு ஆப்பிரிக்காவின் ஒரு பகுதியும். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்தே இவ்வினம் பெருவாரியாக உலகெங்கும் ஏற்றுமதி ஆயிற்று. மலைப்பாம்பு இனங்களுள் இது சிறியது. முட்டையிலிருந்து வெளிவரும் குட்டி ஒரு சாணுக்குச் சற்று மிகுந்திருக்கும். எடை சுமார் 50 முதல் 70 கிராம். வளர்ந்த பாம்பு மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை நீளும். பெண் பாம்பே பெரியது. நஞ்சு கிடையாது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும்.

பாம்பை வணங்குதல் நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெனின் நாட்டின் விதா நகரில் இப்பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. நைஜீரியாவில் இக்போ மக்கள் இதனைத் தெய்வத்துக்குரியதாக மதித்து, தவறுதலாகக் கொல்ல நேர்ந்தால் மனிதருக்குச் செய்வது போலவே அடக்கம் செய்வர். நம் அம்மையாரின் பக்திக்கு அங்கேயும் உறவினர் உளர் என்க.

ஆயினும் அங்கும் இங்கும் எந்தப் பாம்புக்கும் பால் உணவன்று. பாலூட்டுதல் பாலூட்டிகளின் இயல்பு. பாம்பினுடைய வயிறு பாலைச் செரிக்க அமைந்ததன்று. நீர் கொடாமல் வாட்டப்பட்ட பாம்பு, எதிரே வைத்த எந்த நீர்மத்தையும் தாகத்தால் உறிஞ்சும். அதைக் கண்டு பால் பருகியது என்று நாம் மகிழ்கிறோம். பின்னர் அது நோயுற்று மடிவதை நாம் காண்பதில்லை. பந்து மலைப்பாம்புக்கு வேண்டியது தூய தண்ணீரும் எலியும். இவ்விரண்டைத் தவிர மூன்றாவது பொருள் அதன் சமையற்குறிப்பில் இல்லை. சோறு, ரொட்டி, காய், முட்டைப் பொரியல் ஒன்றும் செல்லாது. மரக்கறிப் பாம்பு என்று ஒன்றை இறைவன் படைக்கவில்லை.

அடுத்தது சட்டம். சரக்கு எவ்வளவு நல்லதாயினும் சீட்டில்லாமல் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளலாகாது என்பது இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு முதல் நாளே சொல்லித்தரப்பட்ட பாடம். உயிருள்ள சரக்குக்கு இவ்விதி இன்னும் கண்டிப்பானது. நம் நாட்டு மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதன் குட்டியை வயலில் கண்டெடுத்தாலும் வீட்டில் வைத்திருத்தல் குற்றம். ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்போ, அருகி வரும் உயிர்களின் வாணிபம் பற்றிய சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பிற்சேர்க்கையில் உள்ளது. 2022-இல் நம் சட்டம் திருத்தப்பெற்று, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இத்தகைய அயல்நாட்டு உயிர்களும் நான்காம் அட்டவணை என்னும் புதிய அட்டவணைக்குள் வந்துவிட்டன. அவற்றை வைத்திருத்தல், அவை குட்டி ஈனுதல், கைமாறுதல், இறத்தல் ஆகிய யாவும் பதிவு செய்யப்பட வேண்டும். 2024 பிப்ரவரியில் இதற்கென விதிகள் வெளியாயின. அவற்றின்படி, பரிவேஷ் என்னும் அரசு இணையவாயில் வழியாக, மாநிலத் தலைமை வனவுயிர்க் காப்பாளருக்கு, உயிர் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும்.

அன்பர் எழுதுவதைப் பார்த்தால், பையனுக்குக் கைப்பேசியில் ஒரு படமும் ஒரு விலையும் வந்திருக்கின்றனவேயன்றி, விற்பவருடைய பெயரும் ஊரும் பதிவெண்ணும் வந்ததாகத் தோன்றவில்லை. "காகிதம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றானாம் தரகன். இச்சொல்லைக் கேட்ட இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளல் நன்று. 2023 ஜனவரியில் பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்து சேர்ந்த பயணப் பெட்டிகளிலிருந்து 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத்துறையினர் கைப்பற்றினர். காற்றும் வெளிச்சமும் புகாத பெட்டிக்குள் துணிப்பையில் கட்டப்பட்டு வரும் அவ்வுயிர்களில் எத்தனை பிழைக்கும், எத்தனை மடியும் என்பதை வாங்குபவர் நினைத்துப் பார்ப்பதில்லை. சீட்டில்லாத குட்டி ஒன்றை நாம் வாங்கும்போது, அடுத்த பெட்டிக்கு முன்பணம் கொடுத்தவர் ஆகிறோம்.

இனி, சட்டப்படி பதிவு செய்து வளர்ப்பவர் ஒருவரிடம் குட்டி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். தேர்ந்தெடுத்தல் எங்ஙனம்?

முதலில் பிறப்பிடத்தைக் கேட்க வேண்டும். காப்பிடத்தில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்குக் காப்பிடத்திலேயே பிறந்த குட்டியே நல்லது. காட்டில் கருவுற்ற தாயைப் பிடித்தோ, காட்டு முட்டைகளைத் திரட்டியோ பொரிக்கச் செய்து ஏற்றுமதி செய்யும் முறையும் ஆப்பிரிக்காவில் உண்டு. அவ்வழி வந்தவற்றில் ஒட்டுண்ணிகளும், உணவு மறுக்கும் குணமும் மிகுதி.

இரண்டாவது, உணவுக் கணக்கைக் கேட்க வேண்டும். குட்டி முட்டையிலிருந்து வெளிவந்து முதல் தோலை உரித்த பின்னரே உண்ணத் தொடங்கும். அதன்பின் குறைந்தது மூன்று வேளையேனும் தானாக இரை கொண்டிருத்தல் வேண்டும். ஐந்தாறு வேளையாயின் இன்னும் உறுதி. எந்தெந்த நாளில், எத்தனை கிராம் எடையுள்ள இரை, உயிருள்ளதா, உறையவைத்து உருக்கியதா என்று வளர்ப்பவர் எழுதி வைத்திருப்பாராயின் அவர் நம்பத்தக்கவர். எழுதி வைக்காதவர், கேட்டவுடன் "எல்லாம் நன்றாய்த் தின்னும்" என்பாராயின், நம் கண்முன் ஒரு வேளை ஊட்டிக் காட்டுமாறு கேட்டல் தகும்.

மூன்றாவது, உடலைப் பார்க்க வேண்டும். நல்ல குட்டியின் உடல் உருண்டு திரண்டிருக்கும். முதுகெலும்பு கூரை முகடு போலப் புடைத்திருந்தால் அது பட்டினி கிடந்தது. கண்கள் இரண்டும் தெளிந்திருத்தல் வேண்டும். தோலுரிக்கும் பருவத்தில் கண் நீலம் பூத்திருத்தல் இயல்பு. ஆனால் பழைய தோல் கண்மீது ஒட்டிக்கிடத்தல் குறை. மூக்கிலும் வாயோரத்திலும் நுரையோ சளியோ இருத்தலும், வாயைத் திறந்து மூச்சு வாங்குதலும், மூச்சில் சீழ்க்கை கேட்டலும் நுரையீரல் நோயின் அடையாளம். வால் அருகேயுள்ள கழிவுத்துளை உலர்ந்து தூய்மையாக இருத்தல் வேண்டும். கண்ணைச் சுற்றியும் தாடையின் அடியிலும் மிளகுத்தூள் சிதறியது போன்ற கரும்புள்ளிகள் நகருமாயின் அவை உண்ணிகள். குட்டியின் நீர்க் கிண்ணத்தின் அடியைப் பார்த்தாலும் தெரியும். மூழ்கிய உண்ணிகள் அங்கே படிந்திருக்கும். கையிலே எடுத்தால் குட்டி நாக்கை நீட்டி நீட்டி இழுப்பதும், விரலை மெல்லப் பற்றிச் சுற்றுவதும் நற்குறி. ஈரத்துணி போலத் துவண்டு தொங்குதல் நற்குறியன்று. சீறுவதோ பந்தாய்ச் சுருள்வதோ குற்றமன்று. சிறு உயிருக்கு அச்சம் இயற்கை.

நான்காவது, நிறத்தைக் கண்டு மயங்கலாகாது. இவ்வினத்தில் நூற்றுக்கணக்கான நிற வேறுபாடுகளைப் பெருக்கி விற்கின்றனர். அவற்றுள் 'ஸ்பைடர்' என வழங்கும் வகை, பிறப்பிலேயே நரம்புக் குறையோடு வருவது. தலை ஆடும், சில குட்டிகள் நிலைதடுமாறித் தலைகீழாகப் புரளும், இரையைக் குறிபார்த்துக் கவ்வவும் இயலாது தவிக்கும். அழகுக்காக ஓர் உயிரின் ஆயுள் முழுவதையும் தள்ளாட்டத்தில் விடுதல் நமக்கு உடன்பாடன்று. மண்ணிறமும் கருமையும் கலந்த இயற்கை நிறக் குட்டியே போதும்.

குட்டி வீட்டுக்கு வந்த அன்றே இரை கொடுக்க முனைதல் கூடாது. ஒரு வாரம் அதைத் தொடாமல், நீரும் மறைவிடமும் தந்து, அமைதியாக விட்டுவிட வேண்டும். இங்கே உணவுக்கு முன்னர் வெப்பத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் பாம்புக்கு அடுப்பு வெளியே இருக்கிறது. நம் உடல் தானே சூடு உண்டாக்கிக்கொள்ளும். பாம்பின் உடலோ புறத்தே கிடைக்கும் சூட்டைக் கொண்டுதான் இரையைச் செரிக்கும். பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 பாகை செல்சியசும், மறு பக்கம் 25 முதல் 27 பாகையும் இருத்தல் வேண்டும். இரவிலும் 24-க்குக் கீழே இறங்கலாகாது. சூடு தரும் தகட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைத்தால் பாம்பின் வயிறு வெந்து புண்ணாகிவிடும். காற்றின் ஈரம் நூற்றுக்கு 55 முதல் 70 வரை இருக்கலாம். இரு பக்கத்திலும் உடல் நெருங்கிப் பொருந்தும் அளவுக்கு ஒவ்வொரு மறைவிடம் வேண்டும். அகன்ற மாளிகையை இப்பாம்பு விரும்பாது. பெட்டியின் மூடி பூட்டத்தக்கதாய் இருத்தல் இன்றியமையாதது.

நடு இந்தியாவில் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தொடுவதும், மார்கழி இரவில் பத்தை ஒட்டி இறங்குவதும் அங்கே வாழும் அன்பர்கள் அறிந்தனவே. கோடையிலே மின்சாரம் நின்றுவிட்டால் நாம் மொட்டைமாடியில் படுத்துக்கொள்வோம்; பெட்டிக்குள் இருக்கும் பாம்பு எங்கே போகும்? இதற்கு விடை காணாமல் குட்டி வாங்குதல் ஆகாது.

இப்போது உணவு. இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகப் பருத்த பாகத்தின் அளவுக்கு இருக்கலாம். அதற்குச் சற்றுக் குறைந்தாலும் கேடில்லை. எடைக் கணக்கில் சொன்னால், குட்டிப் பருவத்தில் பாம்பின் எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு. 60 கிராம் குட்டிக்கு 6 முதல் 9 கிராம் எடையுள்ள சுண்டெலிக் குஞ்சு ஒன்று போதும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு ஒரு வேளை. அரைக் கிலோ எடையை அடைந்தபின் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு முறையும், முழு வளர்ச்சிக்குப் பின் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு முறையும் கொடுத்தல் போதும். முதிர்ந்த பாம்புக்கு இரை அதன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை ஒட்டியிருந்தால் சரி. விரைவில் பெரிதாக்க வேண்டுமென்று அடிக்கடி திணித்தால் கொழுப்பு ஏறி ஆயுள் குறையும். தபால் நிறுக்கும் தராசு போன்ற, கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றும், கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் இவ்வீட்டில் கட்டாயம். தேதி, பாம்பின் எடை, இரையின் எடை, உண்டதா மறுத்ததா, கழிவு, தோலுரிப்பு ஆகிய ஆறு பத்திகளும் தவறாமல் நிரப்பப்பட வேண்டும். வாயில்லா உயிருக்கு அந்நோட்டே வாய்.

உயிருள்ள எலியை உள்ளே விடுதல் தகாது. பாம்புக்குப் பசியில்லையாயின், எலி திரும்பிப் பாம்பைக் கடித்துக் குதறிவிடும். கண்ணிழந்த பாம்புகளும் உண்டு. எலிக்கும் அது வீண் வேதனை. வலியின்றி முடிக்கப்பட்டு உறையவைத்த இரையை முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்கி, கொடுப்பதற்கு முன் ஒரு பையிலிட்டு வெந்நீரில் வைத்து, உயிர் உடலின் சூடான 37, 38 பாகைக்குக் கொண்டுவர வேண்டும். இப்பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் வரிசையாக உள்ளன. இரை குளிர்ந்திருந்தால் அதனை உணவென்றே அறியாது. மைக்ரோவேவ் அடுப்பில் சுடவைத்தால் சூடு சீராகப் பரவாமல் ஓரிடம் வெந்தும் ஓரிடம் பச்சையாகவும் போய்விடும், அது கூடாது. நீண்ட இடுக்கியால் பற்றி, மாலை மங்கிய பின், பாம்பின் முன்னே மெல்ல அசைத்துக் காட்ட வேண்டும். கையால் நீட்டுபவர் தம் விரலையும் சேர்த்து நீட்டுகிறார்.

எலிப்பொறியில் விழுந்ததைப் போட்டுவிட்டால் செலவு மிச்சம் என்று எண்ணுவோரும் உளர். வீட்டெலி எங்கே எந்த நஞ்சைத் தின்றது, எந்த நோயைச் சுமந்தது என்பது யாருக்கும் தெரியாது. அது பாம்புக்கு விருந்தாகாது, சாவோலையாகும். ஆகவே சுத்தமாய் வளர்க்கப்பட்ட எலி ஆண்டு முழுவதும் எங்கிருந்து வரும் என்பதைக் குட்டி வாங்குமுன் உறுதி செய்துகொள்ள வேண்டும். உறையவைத்த எலி நம் ஊர்க் காய்கறிக் கடையில் கிடைப்பதன்று.

இரை கொண்டபின் இரண்டு நாட்கள் பாம்பைக் கையில் எடுக்கலாகாது. எடுத்தால் கக்கிவிடும். கக்கிவிட்டால் உடனே மறுபடி கொடுக்காமல் இரண்டு வாரமேனும் பொறுத்து, முன்னதைவிடச் சிறிய இரையாகக் கொடுக்க வேண்டும். கண் நீலம் பூத்திருக்கும்போதும் பெரும்பாலும் உண்ணாது.

இவ்வினம் உண்ணாநோன்புக்குப் பேர்போனது என்பதையும் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். வளர்ந்த பாம்பு குளிர்காலத்தில் சில மாதங்கள் இரையைத் திரும்பியும் பாராது. எடை குறையாமல் இருந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. குட்டிக்கு அவ்வளவு இருப்பு கிடையாது. குட்டி மறுத்தால் முதலில் வெப்பத்தையும் மறைவிடத்தையும் சரிபார்த்து, ஒரு வாரம் அதைத் தொந்தரவு செய்யாமல் விட்டு மீண்டும் கொடுக்க வேண்டும். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவர் எல்லா ஊரிலும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார் என்பதையும் முன்கூட்டியே விசாரித்து வைத்தல் வேண்டும். வாயைப் பிளந்து திணிக்கும் வேலையை வீட்டில் எவரும் செய்யலாகாது.

முதியோர் உள்ள வீடு என்பதால் ஒன்று சொல்கிறோம். ஊர்வனவற்றின் மேனியிலும் கழிவிலும் சால்மோனெல்லா என்னும் நுண்கிருமி நோய்க்குறி எதுவுமின்றித் தங்கியிருக்கக்கூடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் முதியவர்க்கும் அது பெருங்கேடு செய்யும். பாம்பையோ பெட்டியையோ தொட்டவர் சோப்பு இட்டுக் கை கழுவாமல் எதையும் தொடலாகாது. அதன் கிண்ணம் சமையலறைத் தொட்டிக்கு வரலாகாது. இரை வைக்கும் உறைபெட்டி வேறு, குடும்பத்தின் பால் தயிர் வைக்கும் பெட்டி வேறு. இரண்டறை வீட்டில் இவ்வளவுக்கும் இடமுண்டா என்பதை அன்பர்தாம் அளந்து சொல்ல வேண்டும்.

கடைசியாக ஆயுள். நன்கு பேணினால் இப்பாம்பு 20 முதல் 30 ஆண்டு வாழும். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகர விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் வந்து சேர்ந்த பெண் பாம்பு ஒன்று, 2020-ஆம் ஆண்டில், 62 வயதுக்குக் குறையாத முதுமையில், ஏழு முட்டைகள் இட்டது. பையனுக்கு இன்று 17. இன்னும் ஓராண்டில் கல்லூரி விடுதி, பின்னர் உத்தியோகம், அதன்பின் கல்யாணம். விடுதியில் பாம்புக்கு இடம் தரமாட்டார்கள். அப்போது இடுக்கியைப் பிடிக்க வேண்டியவர் யார்? மாற்றல் உத்தரவு வந்தால் புதிய ஊரில் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? வெளியே கொண்டுபோய் விட்டுவிடலாம் என்பது விடையன்று. நம் மண்ணுக்கு உரியதல்லாத உயிரை இங்கே காட்டில் விடுதல் அதற்கும் காட்டுக்கும் செய்யும் தீங்கு.

ஆகவே அன்பருக்கு நாம் சொல்வது இதுதான். அம்மையாரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், பையனே சொல்லட்டும். எலி தின்னும் பாம்பு என்று தெரிந்தபின் அவர் மறுத்தாராயின், அது அவர் வீடும் ஆகும். பேச்சு அங்கே முடிந்தது. ஒருவர் அறியாமற்கொடுத்த இசைவு இசைவாகாது. எல்லாவற்றையும் அறிந்தும் அவர் இசைந்தாராயின் அப்போதும் உடனே வாங்க வேண்டா. பையன் மூன்று திங்கள், பாம்பில்லாமலே, பாம்பு வைக்க எண்ணிய மூலையில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, காலையும் மாலையும் வெப்பமும் ஈரமும் நோட்டில் எழுதி வரட்டும். ஏழு நாளைக்கு ஒரு முறை கிண்ணமும் பெட்டியும் கழுவட்டும். ஒரு நாள் விடாமல் அந்நோட்டு நிரம்பினால், பதிவு பெற்ற வளர்ப்பவரைத் தேடலாம். பாதியில் நின்றுவிட்டால், நின்றது நோட்டு மட்டுமே; ஓர் உயிர் பட்டினி கிடக்கவில்லை.

பையனை நாம் குறை கூற மாட்டோம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லித் தடியைத் தேடும் உலகில், அதைக் காத்து வளர்க்க எண்ணியவன் அவன். அவ்வார்வத்திற்கு வீட்டுக்கு வெளியேயும் வழியுண்டு. விடுமுறையில் ஊருக்கு வரும்போது சென்னை கிண்டியில் 1972 முதல் நடந்துவரும் பாம்புப் பண்ணைக்கு அழைத்துச் செல்லுங்கள். புணே பக்கம் இருப்போர்க்குக் கட்ராஜ் உயிரியல் பூங்காவின் பாம்புப் பகுதி உண்டு. கால்நடை மருத்துவமும் விலங்கியலும் படிப்பதற்கு இவ்வயதே ஏற்றது. ஒரு குட்டிக்குப் பதிலாக ஓராயிரம் உயிர்களைப் பேணும் கல்வியை அவன் பெறலாம்.

பையனுடைய நோட்டு எப்படி நிரம்புகிறது என்பதை அன்பர் நமக்கு எழுதுவாராக. அடுத்த திங்கள், வாடகை ஒப்பந்தம் பற்றி மூன்று அன்பர்கள் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு விடை வரும்.